ஏமாறும் சுரப்பி

ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டால் விரை பெருக்கும், விந்தணு ஏறும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். படித்தவர்களும் அதில் உண்டு. நடப்பது நேர் தலைகீழ். விரை சுருங்கும். சில மாதங்களில் விந்தில் அணுவே இல்லாமல் போகலாம். எலி, நாய், காளை, மனிதன் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான்.

கால்நடை மருத்துவம் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் இரண்டு பக்கத்திலிருந்து வரும். பொலிகாளை வைத்திருப்பவர், "டாக்டர், காளை மந்தமா இருக்கு, ஹார்மோன் ஊசி ஏதாவது போடலாமா?" என்று நேராகவே கேட்பார். ஜிம்முக்குப் போகும் பையன்கள் யாரோ ஒரு நண்பனுக்காகக் கேட்பது போலக் கேட்பார்கள். இருவருக்கும் பதில் ஒன்றுதான்: வேண்டாம். ஏன் வேண்டாம் என்று விளக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அங்கே இருக்கும் ஒரு சிறு கூட்டம் நரம்பு செல்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பாலூட்டிகளில் அந்தச் செல்களின் எண்ணிக்கை சில நூறிலிருந்து இரண்டாயிரம் வரைதான். ஒரு முழு உடம்பின் இனப்பெருக்கமும் அவ்வளவு சிலரை நம்பி இருக்கிறது. அந்த ஹார்மோனும் பத்தே அமினோ அமிலம் கோத்த ஒரு துணுக்கு. அது பொது இரத்தத்தில் கலந்து ஊரெல்லாம் சுற்றுவதில்லை. தனியாக இருக்கும் குட்டிக் குட்டி இரத்தக் குழாய்கள் வழியாக நேரே கீழே தொங்கும் பிட்யூட்டரிக்கு இறங்குகிறது. பிட்யூட்டரி அதைக் கண்டதும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. எல்.எச். விரையில் உள்ள லேடிக் செல்களைத் தூண்டி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். எஃப்.எஸ்.எச். விந்தணுக் குழல்களுக்குள் இருக்கும் செர்டோலி செல்களுக்குப் போகும். விந்தணுக்களை வளர்த்தெடுப்பவை அவைதான்.

டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் ஏறியதும் மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் திரும்பிப் போய், போதும் என்று சொல்லும். மேலிருந்து வரும் தூண்டுதல் குறையும். டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் தூண்டுதல் மறுபடி கூடும். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற ஏற மிதவை உயர்ந்து குழாயை அடைக்கிறதே, அந்த ஏற்பாடுதான். பாடப் புத்தகத்தில் எதிர்மறைப் பின்னூட்டம் என்று தலைப்பிட்டு, நாலு அம்புக்குறி போட்டு, அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள்.

எனக்கு அந்த அரைப் பக்கத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. உடம்பு எதையோ நுட்பமாகச் சமன் செய்துகொண்டிருக்கிறது என்ற எண்ணத்தைத்தான் அது கொடுக்கிறது. இந்தச் சுற்றில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இது ஏமாறும். இரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் சொந்த விரையிலிருந்து வந்ததா, ஊசியிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க மூளைக்கு ஒரு வழியும் இல்லை. இந்தச் சுற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, யாரோ ஒருவர் அதை ஏமாற்றிப் பார்த்ததால் தெரிந்தது. இன்று கையில் இருக்கும் மருந்துகளும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான ஏமாற்று வேலை.

ஆரம்பம் சேவலிலிருந்து. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அர்னால்ட் பெர்தோல்ட் ஆறு இளம் சேவல்களை எடுத்துக்கொண்டார். விரைகளை முழுவதும் எடுத்துவிட்ட சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை, கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. வேறு சிலவற்றில் எடுத்த விரையைக் குடலுக்கு நடுவே வைத்துத் தைத்தார். ஒன்றின் விரையை இன்னொன்றுக்குள்ளும் வைத்தார். அவை சாதாரணச் சேவல்களாகவே வளர்ந்தன. அறுத்துப் பார்த்தபோது விரை புது இடத்தில் ஒட்டிப் புது இரத்தக் குழாய்கள் பிடித்திருந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுந்தது அறுந்ததுதான். அப்படியானால் செய்தி போவது நரம்பு வழியாக அல்ல, இரத்தம் வழியாக. இடம் மாறியதும், ஆளே மாறியதும் உடம்புக்குத் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இடையில் ஒரு கூத்தும் நடந்தது. 1889இல் பாரிஸில், 72 வயதான பிரௌன்-செக்கார் என்ற பெரிய உடலியல் அறிஞர் நாய், கினிப்பன்றி விரைகளை அரைத்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று அறிஞர் சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் டெஸ்டோஸ்டிரோன் அநேகமாக இருந்திருக்காது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது. விரையும் அதைச் சேமித்து வைப்பதில்லை, சுரந்த கையோடு அனுப்பிவிடும். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு டெஸ்டோஸ்டிரோனைத் தனியாகப் பிரித்தெடுத்தபோது ஏறக்குறைய 100 கிலோ காளை விரையிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம். கிழவருக்குக் கிடைத்த தெம்பு முழுக்க முழுக்க நம்பிக்கையின் தெம்பு.

சுற்று என்ற எண்ணம் தெளிவானது 1932இல், சிகாகோ பல்கலைக்கழகத்தில். கார்ல் மூர், டோரதி பிரைஸ் என்ற இருவர் எலிகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆண் ஹார்மோனும் பெண் ஹார்மோனும் ஒன்றுக்கொன்று பகை. ஆண் எலிக்குப் பெண் ஹார்மோன் கொடுத்தால் விரை கெடுவது அதனால்தான் என்பது அந்தக் கால நம்பிக்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இவர்கள் விரையிலிருந்து எடுத்த ஆண் ஹார்மோனையே ஆண் எலிக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் விரை சுருங்கியது. காயடித்த எலிக்கு அதே மருந்தைக் கொடுத்தால் புராஸ்டேட்டும் விந்துப் பைகளும் செழிப்பாக வளர்ந்தன. ஒரே மருந்து, காயடித்த எலிக்கு ஊட்டம், காயடிக்காத எலியின் விரைக்குக் கேடு.

பகை என்ற விளக்கம் இங்கே நிற்காது. அவர்கள் சொன்ன விளக்கம் இது: ஹார்மோன் விரையைத் தொடவே இல்லை, அது பிட்யூட்டரியை அடக்குகிறது, பிட்யூட்டரியின் ஆதரவு போனதால் விரை வாடுகிறது. இதைச் சோதிக்க ஹார்மோனோடு பிட்யூட்டரிச் சரக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். விரை கெடவில்லை. இவ்வளவு சுத்தமான வாதத்தை உடலியலில் அடிக்கடி பார்க்க முடியாது. பிட்யூட்டரி இரத்தத்தை மட்டும் பார்க்கிறது, விரையைப் பார்ப்பதில்லை.

சரி, ஊசி வழியாகத்தான் டெஸ்டோஸ்டிரோன் கிடைக்கிறதே, விரை ஏன் அதை வைத்துக்கொண்டு விந்தணு தயாரிக்கக் கூடாது? பையன்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான், நல்ல கேள்வியும்கூட. விந்தணு வளர, விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் ஓடுவதைவிடப் பல மடங்கு அதிகம். மனிதரில் அது நூறு மடங்கு அளவுக்குப் போகும். லேடிக் செல்கள் குழல்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சுரப்பதால்தான் அந்தச் செறிவு கிடைக்கிறது. ஊசி போட்டால் இரத்தத்தில் அளவு சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும், எல்.எச். நின்றுபோய் லேடிக் செல்கள் ஓய்ந்துவிடும். விரைக்குள் செறிவு அடியோடு விழும். தசை, தாடி, குரல், ஆசை எல்லாம் இருக்கும். விந்தணு இருக்காது.

இதுவரை டெஸ்டோஸ்டிரோனை மட்டும் பேசிவிட்டேன். விரை மேலே இன்னொரு கணக்கையும் அனுப்புகிறது. அதைப் பாடங்களில் ஒற்றை வரியில் தள்ளிவிடுவார்கள், எனக்கு அதுதான் அதிக சுவாரசியம்.

1923இல் மோட்ரம், கிராமர் என்ற இருவர் எலிகள் மேல் ரேடியக் கதிர் பாய்ச்சினார்கள். விந்தணுக் குழல்கள் சேதமாயின, லேடிக் செல்கள் தப்பின. ஆண் ஹார்மோன் சுரந்துகொண்டிருந்தும், பிட்யூட்டரியில் காயடித்த எலிகளில் தெரியும் மாற்றங்கள் தெரிந்தன. ஆகவே குழல்களிலிருந்தும் ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். 1932இல், அதே மூர்-பிரைஸ் ஆண்டில், மக்கல்லா என்பவர் விரையின் நீர்ச்சாறு அந்தப் பிட்யூட்டரி மாற்றங்களைத் தடுக்கிறது என்று காட்டி, அந்த முகம் தெரியாத பொருளுக்கு இன்ஹிபின் என்று பெயர் வைத்தார். அப்புறம் ஐம்பது வருடத்துக்கு மேல் இழுபறி. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். 1985இல்தான் அது சுத்தமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. செர்டோலி செல்கள் சுரக்கும் இன்ஹிபின், பிட்யூட்டரியில் எஃப்.எஸ்.எச்.சை மட்டும் குறிபார்த்து அடக்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஒரு கணக்கு, இன்ஹிபின் இன்னொரு கணக்கு.

இரண்டும் தனித்தனி என்பதை நேரில் பார்க்க, ஒரு விரையை மட்டும் எடுத்த விலங்கைக் கவனித்தால் போதும். அடிபட்டோ கட்டி வந்தோ ஒரு விரையை எடுக்க நேரும் வளர்ந்த விலங்கில், மிச்சமுள்ள விரை சீக்கிரமே டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். எல்.எச். சற்று ஏறி லேடிக் செல்களை முடுக்கினால் போதும், வேலை முடிந்தது. எஃப்.எஸ்.எச். மட்டும் இறங்காமல் உயர்ந்தே நிற்கும். பாதி செர்டோலி செல்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பவற்றால் இன்ஹிபினை முழுசாக ஈடுகட்ட முடியவில்லை.

அதே அறுவையைப் பருவம் வராத குட்டியில் செய்தால் கதை மாறும். உயர்ந்த எஃப்.எஸ்.எச். வீணாகாது. குட்டியின் செர்டோலி செல்கள் இன்னும் பெருகக்கூடியவை, அவை பெருகும், மிச்சமிருக்கும் ஒற்றை விரை வழக்கத்தைவிடப் பெரிதாக வளரும். கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். பருவத்துக்குப் பிறகு அந்தச் செல்கள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. ஒரு செர்டோலி செல் தாங்கக்கூடிய விந்தணுக்களுக்கு ஒரு வரம்பு உண்டு. ஆக, ஒரு காளை வாழ்நாளில் ஒரு நாளைக்கு எவ்வளவு விந்தணு தயாரிக்கும் என்பது, அது கன்றாக இருந்த மாதங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. முதல் ஆறு மாதங்களில் நன்றாகத் தீனி கிடைத்த கன்றுக்கு, விட்டு விட்டு வரும் எல்.எச். துடிப்புகள் முன்கூட்டியே கூடும், பின்னால் விரையும் பெரிதாக இருக்கும். வளர்ந்த பிறகு என்ன கொட்டினாலும் விட்டதைப் பிடிக்க முடியாது. பொலிகாளை வாங்கும்போது நாங்கள் டேப்பை எடுத்து விதைப்பையின் சுற்றளவை அளப்பது இதற்காகத்தான். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும்.

மந்தமான காளைக்காரரிடம் நான் முதலில் கேட்பது, கடந்த இரண்டு மாதத்தில் காய்ச்சல் ஏதாவது வந்ததா என்றுதான். காளையில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 61 நாள் ஆகும். அப்புறம் விரையை ஒட்டிய சுருள் குழாயைக் கடந்து வர ஒரு வாரத்துக்கு மேல். போன மாதக் காய்ச்சல் இந்த மாத விந்தில் தெரியும். அதற்கு ஹார்மோன் ஊசி போட்டால் தானாகச் சரியாகப் போகிறதையும் கெடுத்ததாகிவிடும்.

இந்த ஏமாற்றைத் துப்பறியவும் பயன்படுத்தலாம். காயடித்தது என்று சொல்லி விற்ற குதிரை, பெட்டைகளைக் கண்டால் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விதைப்பையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிய விரை இருக்கலாம். வயிற்றுச் சூட்டில் விந்தணு உருவாகாது, ஆனால் லேடிக் செல்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரத்தம் எடுத்துக்கொண்டு, எச்.சி.ஜி. ஊசி போட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தால் போதும். எச்.சி.ஜி. கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரில் கிடைக்கும் ஹார்மோன், எல்.எச். உட்காரும் அதே இருக்கையில் உட்காரும். உள்ளே விரை ஒளிந்திருந்தால் எல்.எச். வந்துவிட்டதாக நினைத்து டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்து மாட்டிக்கொள்ளும். நாயில் இதற்கு மறுபக்கம்: விரையே இல்லாத நாய்க்கு அடக்க ஆள் இல்லாததால் எல்.எச். எப்போதும் உச்சத்திலேயே இருக்கும். தெருவிலிருந்து வந்த நாய்க்கு ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டதா என்பதை அந்த அளவை வைத்து ஊகிக்கலாம்.

மிதவை உவமை உடைவது துடிப்பில். தொட்டி விஷயத்தில் தண்ணீரின் அளவு ஒன்றுதான் கணக்கு. இங்கே தாளமும் கணக்கு.

1971இல் ஆண்ட்ரூ ஷாலி என்ற ஆய்வாளரின் குழு ஜி.என்.ஆர்.எச்.சின் கட்டமைப்பைக் கண்டுபிடித்தது. அதற்காக அவர்கள் அரைத்த பன்றி ஹைப்போதலாமஸ்கள் சுமார் 1,60,000. போட்டியாக ஆட்டு மூளைகளை வைத்து ஓடிய கியுமனும் அவரும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பரிசின் மறுபாதி ரோசலின் யாலோவுக்கு, இவ்வளவு சின்ன அளவு ஹார்மோனையும் அளக்கும் முறையைக் கண்டுபிடித்ததற்காக. கையில் ஜி.என்.ஆர்.எச். வந்துவிட்டது, இனி விரை ஓய்ந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கொடுத்தால் எல்.எச். ஏறியது. கொடுத்துக்கொண்டே இருந்தால் இறங்கிப் போனது.

புதிரை அவிழ்த்தது 1978இல் எர்ன்ஸ்ட் நாபிலின் குழு. ரீசஸ் பெண் குரங்குகளில் ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் பகுதியைச் சிதைத்துவிட்டு, வெளியிலிருந்து அதைக் கொடுத்தார்கள். இடைவிடாமல் ஓடவிட்டால் பிட்யூட்டரி செவிடாகிவிட்டது. மணிக்கு ஒரு தடவை, ஆறே நிமிடம் கொடுத்தபோது எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் முழுசாகத் திரும்பின. ஆண் உடம்பிலும் விதி இதுவேதான். வளர்ந்த ஆண் மனிதரில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. வேகமான தாளம் எல்.எச்.சுக்குச் சாதகம், மெதுவான தாளம் எஃப்.எஸ்.எச்.சுக்கு. டெஸ்டோஸ்டிரோன் திரும்பிப் போய் மூளையில் செய்வதும் பெரும்பாலும் இந்தத் தாளத்தை மெதுவாக்குவதுதான்.

இந்தச் செவிட்டுத்தனத்தை மருந்தாக மாற்றியதுதான் நாய்களுக்குத் தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் குச்சி. ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளம், 4.7 மில்லிகிராம் மருந்து. இரு தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். அதில் இருப்பது ஜி.என்.ஆர்.எச்.சை ஒத்த, அதைவிட வீரியமான பொருள். ஆண் நாயை அடக்க, ஆண்மையைத் தூண்டும் ஹார்மோனையே வைக்கிறோம். வைக்கும்போதே சொல்லிவிட்டாலும் முதல் வாரத்தில் போன் வந்துவிடும்: "டாக்டர், அடங்கும்னு சொன்னீங்க, இவன் முன்னைவிட அதிகமா ஆட்டம் போடுறானே!" சரிதான். முதல் நாட்களில் பிட்யூட்டரி கையிருப்பில் இருந்த எல்.எச்.சையெல்லாம் கொட்டித் தீர்க்கும், டெஸ்டோஸ்டிரோன் எகிறும். அப்புறம்தான் செவிடாகும். சில வாரங்களில் விரை தொட்டாலே தெரியும் அளவுக்குச் சிறுத்து மென்மையாகிவிடும். குச்சியின் வேலை முடிந்ததும் மெல்லத் திரும்பி வரும்.

மனிதரில் இதே வகை மருந்து புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. விரையை எடுத்தால் அந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இலேயே காட்டியிருந்தார். அங்கே முதல் வாரத்து எகிறல் விளையாட்டு அல்ல. முதுகெலும்பில் புற்று பரவியவருக்கு அது ஆபத்து. அதனால் முன்கூட்டியே டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் ஊசி போடுவார்கள். ஜி.என்.ஆர்.எச்.சின் இருக்கையை அடைத்துக்கொண்டு சும்மா உட்காரும் மருந்துகள் பின்னால் வந்தன. அவற்றில் இந்த எகிறலே கிடையாது.

பன்றிப் பண்ணைகளில் இன்னொரு வழி. வளர்ந்த ஆண் பன்றியின் கறியில் அடிக்கும் வாடைக்கு விரையில் உருவாகும் ஆண்ட்ரோஸ்டீனோன் ஒரு காரணம். குட்டியிலேயே காயடிப்பதற்குப் பதில், ஜி.என்.ஆர்.எச்.சுக்கு எதிராகவே தடுப்பூசி போடுகிறார்கள். குறைந்தது நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி. பன்றியின் நோய் எதிர்ப்பு சக்தி தன் சொந்த ஹார்மோனையே அந்நியனாக நினைத்துப் பிடித்துவிடும். சுற்றின் தலையையே வெட்டும் வேலை. மதம் பிடிக்கும் ஆண் யானைகளிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மயக்கி அறுத்து எளிதில் காயடிக்க முடியாத உடம்பு அது.

டெஸ்டோஸ்டிரோனின் அளவை மூளையில் படிப்பது யார் என்ற கேள்வி ரொம்ப நாள் தொங்கிக்கொண்டிருந்தது. ஜி.என்.ஆர்.எச். செல்களில் அதற்கான ஏற்பி, அதாவது அது வந்து உட்காரும் இருக்கை, கிடையாது. 2003இல், பருவமே வராத குடும்பங்களை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், கிஸ்பெப்டின் என்ற பொருளின் ஏற்பியில் பழுது இருப்பதைக் கண்டார்கள். கிஸ்பெப்டின் செல்கள்தான் டெஸ்டோஸ்டிரோனையும் பெண் ஹார்மோனான எஸ்ட்ரோஜனையும் படித்து, ஜி.என்.ஆர்.எச். செல்களைத் தட்டி எழுப்பும் இடையாட்கள். தாளத்தைப் போடுவதும் அவைதான்.

எஸ்ட்ரோஜன் என்று ஏன் சொன்னேன் என்றால், ஆணின் அடக்கும் செய்தியில் ஒரு பெரிய பங்கு எஸ்ட்ரோஜனாகத்தான் போய்ச் சேருகிறது. டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி மூளையிலும் கொழுப்பிலும் எஸ்ட்ரடையால் என்ற எஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 1994இல் விவரிக்கப்பட்ட ஒரு மனிதருக்கு வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எஸ்ட்ரோஜன் ஏற்பி அவருக்கு வேலை செய்யவில்லை. எலும்பு முனைகள் மூடவே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் சாதாரண அளவில் இருந்தும் எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் உயர்ந்திருந்தன. இதை வைத்துத் திருப்பி ஏமாற்றவும் முடியும். குளோமிஃபீன் மாத்திரை மூளையில் எஸ்ட்ரோஜன் ஏற்பியை மறைக்கும். மூளை ஹார்மோன் குறைந்துவிட்டது என்று பதறித் தூண்டுதலைக் கூட்டும். விரை தன் சொந்த டெஸ்டோஸ்டிரோனை அதிகம் சுரக்கும். ஊசி போட்டுக் கெடுத்துக்கொண்ட பையன்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதில் எச்.சி.ஜி.யோடு இதுவும் ஒன்று.

மிதவை எந்த உயரத்தில் அடைக்க வேண்டும் என்பதும் நிலையானது அல்ல. செம்மறிக் கிடாவில் இதைப் பளிச்சென்று பார்க்கலாம். காயடித்த கிடாவுக்குத் தோலடியில் மருந்துக் குச்சி வைத்து, வருடம் முழுக்க ஒரே அளவு டெஸ்டோஸ்டிரோன் கசிய விடுகிறார்கள். பகல் நீளும் மாதங்களில் அந்த அளவு எல்.எச்.சை அடியோடு அடக்கிவிடும். பகல் குறுகும் மாதங்களில் அதே அளவு அவ்வளவாக அடக்காது. மருந்து மாறவில்லை, கேட்கும் மூளை மாறிவிட்டது. இரவின் நீளத்தை மெலடோனின் என்ற ஹார்மோன் சொல்ல, அதற்கேற்ப அடக்குதலின் வலிமை கூடிக் குறைகிறது. காயடிக்காத கிடாவின் விரை கோடையில் சுருங்கி இலையுதிர் காலத்தில் பெருப்பது இப்படித்தான். பருவம் பார்த்துக் கூடும் பறவைகளில் விரை நூற்றுக்கணக்கான மடங்கு பெருத்துச் சுருங்கும். பறப்பவைக்குச் சும்மா சுமக்கும் எடை கட்டுப்படியாகாது.

அந்தஸ்தும் இந்த அளவை மாற்றும். டாங்கனீக்கா ஏரியில் அஸ்டடோட்டிலாப்பியா பர்ட்டோனி என்ற மீன் இருக்கிறது. இடம் பிடித்த ஆண் மீன் பளபளக்கும். இடம் இல்லாதது பெண் மீன் மாதிரி மங்கலாகத் திரியும். ரசல் ஃபெர்னால்டின் ஆய்வகத்தில் பெரிய ஆண் மீனைத் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். மங்கலான மீனுக்குச் சில நிமிடங்களிலேயே நிறம் ஏறி, கண்ணுக்குக் குறுக்கே கருங்கோடு விழுந்தது. சில நாட்களில் மூளையில் ஜி.என்.ஆர்.எச். செல்கள் பெருத்தன, அப்புறம் விரை. மறுபடி பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டால் எல்லாம் பின்வாங்கிவிடும். விரை மூளையை ஆட்டுவிப்பதாகவே நாம் பேசுகிறோம். இந்த மீனில் கண்ணால் கண்ட ஒரு காட்சி விரையை ஆட்டுவிக்கிறது.

மனிதரிலோ, பருவத்துக்கு முன்னால் சில வருடம் மூளை கதவை அடைத்துவிடுகிறது. பிறந்த முதல் சில மாதங்கள் ஆண் குழந்தையின் சுற்று முழுசாக ஓடும். பிறகு அடங்கும். விரையே இல்லாமல் பிறந்த பையனுக்கு எல்.எச். எப்போதும் உச்சத்தில் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. பிள்ளைப் பருவத்தின் நடுவில் அவனுக்கும் தாழ்ந்தே கிடக்கும், பருவ வயதில்தான் எகிறும். அந்த வருடங்களில் அடக்குவது விரையின் ஹார்மோன் அல்ல, மூளையே.

இந்த ஏமாற்றைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வைத்துப் பார்த்தால் என்ன என்ற யோசனை பழையது. 1990இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். 157 பேர் விந்தில் அணுவே இல்லாத நிலையை எட்டி, அடுத்த ஒரு வருடம் வேறு எந்தத் தடுப்பும் இல்லாமல் அந்த ஊசியை மட்டும் நம்பி இருந்தார்கள். மொத்தத்தில் ஒரே ஒரு கர்ப்பம். ஜிம் பையன்களிடம் இதைச் சொன்னால்தான் கொஞ்சம் யோசிக்கிறார்கள்: அவர்கள் காசு கொடுத்து வாங்குவது ஆண்களுக்கான கருத்தடை ஊசி.

வாராவாரம் ஊசி குத்திக்கொள்ள யாருக்குப் பிடிக்கும்? முகப்பரு, எடை கூடுவது என்று வேறு தொல்லைகளும் இருந்தன. அணு முழுசாக மறையாதவர்களும் இருந்தார்கள். இப்போது சோதனையில் இருப்பது தோளில் தினமும் பூசும் ஜெல். அதில் இரண்டு பொருள். எல்.எச்.சையும் எஃப்.எஸ்.எச்.சையும் அழுத்தமாக அடக்கும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் ஒன்று. மற்றது டெஸ்டோஸ்டிரோன். விரை ஓய்ந்துபோவதால் தசைக்கும் எலும்புக்கும் ஆசைக்கும் வேண்டியதை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். இரத்தத்தில் போதுமானது, விரைக்குள் போதாதது என்ற அந்த வித்தியாசத்தின் மேல்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. பூச ஆரம்பித்து அணு மறைய வாரங்கள் ஆகும். நிறுத்தினால் திரும்பி வர மாதங்கள். மனிதரில் ஒரு விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, அதற்குக் குறைத்து எந்த மருந்தாலும் அதை அவசரப்படுத்த முடியாது.